ஊருக்குத் திரும்புதல்: ஒரு கால்பந்து அரங்கமும் ஒரு சேரியும்



நினைவுச் சொற்பொழிவில் கால்பந்துக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் நிலத்தைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். ஒரு மக்கள் கூட்டம் தாங்கள் இழந்த நிலத்தைக் கேட்டு முப்பது ஆண்டுகள் போராடி, அதற்கென்று தனிச் சட்டம் ஒன்றையே வாங்கியது. அதே நகரத்தில், அதே ஆண்டுகளில், அதே ஆட்சியாளர்களால் துரத்தப்பட்ட இன்னொரு மக்கள் கூட்டத்துக்கு அப்படி ஒரு சட்டம் வரவில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

நகரம் அர்ஜென்டினாவின் தலைநகரான புவனஸ் அயர்ஸ். போராடி வென்றவர்கள் சான் லொரென்சோ என்ற கால்பந்துச் சங்கத்தின் ரசிகர்கள். எங்கள் அணியின் அரங்கம் இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டுமா, பழைய இடத்துக்கே திரும்ப வேண்டுமா என்பது அவர்களுக்குள் நடக்கும் வாதம். அந்த வாதத்துக்குள் நமக்கு மிகவும் பழக்கமான ஒன்று ஒளிந்திருக்கிறது.

சங்கம் பிறந்த தெரு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புவனஸ் அயர்ஸ் குடியேறிகளின் நகரம். இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பலேறி வந்த ஏழைக் குடும்பங்கள் ஒற்றை அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தன. பிள்ளைகளுக்குத் தெருவே மைதானம். அல்மாக்ரோ பகுதியில் அப்படி விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களில் ஒருவன் டிராமில் அடிபடப் பார்த்தான். அதைக் கண்ட லொரென்சோ மாஸா என்ற சலேசியப் பாதிரியார் தம் ஆலய வளாகத்தைத் திறந்துவிட்டு, இங்கே விளையாடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் வாருங்கள் என்றார். 1908 ஏப்ரல் 1 அன்று சங்கம் பிறந்தது. பாதிரியாரின் கறுப்பு அங்கியால் அந்த அணிக்கு இன்றைக்கும் 'காகங்கள்' என்றே பட்டப்பெயர்.

1916இல் லா பிளாத்தா நிழற்சாலையில் சங்கம் தன் சொந்த மைதானத்தைத் திறந்தது. மரப்பலகைகளால் எழுப்பிய அதன் பார்வையாளர் மேடைகள் வெளியிலிருந்து பார்க்க எரிவாயுத் தொட்டியைப் போலிருந்ததால் 'கசோமெத்ரோ' என்று அழைத்தார்கள். வளர்ந்து வளர்ந்து நாட்டின் மிகப் பெரிய மைதானங்களில் ஒன்றாயிற்று. தேசிய அணியின் பல ஆட்டங்கள் அங்கேதான் நடந்தன.

அர்ஜென்டினாவில் கால்பந்துச் சங்கம் என்பது முதலாளி ஒருவரின் சொத்து அல்ல. உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள். வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சான் லொரென்சோவின் வளாகத்தில் கூடைப்பந்து உண்டு, நூலகம் உண்டு, திருவிழாக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடும் நடன இரவுகள் உண்டு. ஒரு தொழிலாளிக் குடும்பத்துக்கு மாலை நேரத்தில் போய் உட்கார ஓர் இடம் அது. அதைச் சுற்றியிருந்த போயேதோ வட்டாரம் 1920களில் இடதுசாரி எழுத்தாளர் குழு ஒன்றுக்கே தன் பெயரைக் கொடுத்தது. நகரின் பகட்டான கடைவீதியான ஃபுளோரிதாவின் பெயரால் அறியப்பட்ட எழுத்தாளர்களுக்கு எதிர்முனையாகத் தொழிலாளர்களின் வாழ்வை எழுதிய குழு அது. போயேதோ என்ற சொல்லுக்கு அந்த நகரத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. உழைத்து முன்னேறிய மக்களின் இடம் என்ற மரியாதை. பின்னால் நடந்த வாதத்தில் இந்த மரியாதைக்குப் பெரிய பங்கு உண்டு.

மைதானம் பறிபோன விதம்

1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆயிரக்கணக்கானோர் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்டனர். தலைநகரை நிர்வகிக்க விமானப்படை அதிகாரியான ஓஸ்வால்தோ கச்சியாத்தோரேயை நியமித்தார்கள். அவர் நகரத்தை ஒரு வரைபடமாகப் பார்த்தவர். அகன்ற உயர்மட்ட விரைவுச் சாலைகளை நகரின் குறுக்கே போடத் திட்டமிட்டு, வழியிலிருந்த வீடுகளைக் கையகப்படுத்தி இடித்தார். அப்படி இடிபட்ட கட்டடங்களில் ஒன்று காவல்துறையுடையது. அதன் நிலவறையில் 1977இல் ரகசியச் சித்திரவதை முகாம் ஒன்று இயங்கியது. அதன் பெயர் 'கிளப் அத்லெத்திகோ', அதாவது விளையாட்டுச் சங்கம். அதை மூடி மேலே சாலை போட்டார்கள். 2002இல் தொடங்கிய அகழாய்வில்தான் அதன் சுவர்கள் வெளியே வந்தன.

சான் லொரென்சோ அப்போது கடனில் மூழ்கியிருந்தது. 1972இல் ஒரே ஆண்டில் நாட்டின் இரண்டு பட்டங்களையும் வென்ற அணி, சில ஆண்டுகளிலேயே சம்பளம் கொடுக்கத் திணறியது. மைதானம் இருக்கும் இடத்தின் ஊடாகத் தெருக்களைத் திறக்க வேண்டும், வீடுகள் கட்ட வேண்டும் என்று நகர நிர்வாகம் நெருக்கியது. 1979 டிசம்பர் 2 அன்று போகா யூனியர்ஸ் அணியுடன் நடந்த ஆட்டம்தான் கசோமெத்ரோவில் கடைசி. கோல் இல்லாமல் முடிந்தது. சான் லொரென்சோவுக்குக் கிடைத்த பெனால்டியைக்கூட போகாவின் கோல்காப்பாளர் காத்தி பிடித்துவிட்டார். விடைபெறும் விழா எதுவும் நடக்கவில்லை.

நிலம் சுமார் 9 லட்சம் டாலருக்குக் கைமாறியது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சில ஆண்டுகளில் நிலப் பயன்பாட்டு விதி மாற்றப்பட்டது. அதே நிலம் கர்ஃபூர் என்ற பிரெஞ்சுப் பேரங்காடி நிறுவனத்திடம் சுமார் 80 லட்சம் டாலருக்குப் போய்ச் சேர்ந்தது. வரும் என்று சொன்ன தெருக்கள் வரவில்லை, வீடுகளும் வரவில்லை. மைதானம் இருந்த இடத்தில் 1980களின் நடுவில் பேரங்காடி வந்தது. பொதுத் தேவை என்று சொல்லி வாங்கிய நிலம் வணிக வளாகமாகும் கதையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மைதானம் போன அணி 1981இல் இரண்டாம் பிரிவுக்கும் இறங்கியது. அந்த நாட்டின் ஐந்து பெரிய சங்கங்களில் முதன்முதலாக அப்படி இறங்கியது அதுதான். ஆனால் 1982இல் இரவல் மைதானங்களில் நடந்த அதன் ஆட்டங்களுக்கு முதல் பிரிவு அணிகளுக்குக்கூடக் கூடாத கூட்டம் கூடியது. வீடில்லாதவர்கள் என்று எதிரணி ரசிகர்கள் கேலி செய்ய, அந்தக் கேலியையே தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் மைதானம் மைதானமாக அலைந்தார்கள். 14 ஆண்டுகள் அப்படிப் போயின. 1993 டிசம்பர் 16 அன்றுதான் புதிய கசோமெத்ரோ திறக்கப்பட்டது. அது பழைய இடத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தெற்கே, பாஹோ ஃபுளோரஸ் என்ற தாழ்நிலப் பகுதியில், முன்பு சதுப்பாகக் கிடந்த இடத்தில் அமைந்தது. அதன் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதில்தான் நம் கதையின் இரண்டாம் பாதி இருக்கிறது.

எண்களால் அழைக்கப்படும் மக்கள்

நம் ஊர் நாளிதழ்களின் வீட்டுமனை விளம்பரங்களில் 'வில்லா' என்றால் தோட்டமும் காவலாளியும் உள்ள பங்களா. புவனஸ் அயர்ஸில் 'வில்லா' என்றால் குடிசைப்பகுதி. 'வில்லா மிசேரியா' என்பது முழுப்பெயர். வறுமையின் ஊர் என்று பொருள் கொள்ளலாம். நகரின் அங்கீகரிக்கப்பட்ட வட்டாரம் 'பார்ரியோ'. போயேதோ ஒரு பார்ரியோ. அதற்குப் பெயர் உண்டு, எல்லை உண்டு, வரலாறு உண்டு. வில்லாக்களுக்கு அரசு எண் கொடுத்தது. வில்லா 31, வில்லா 20, வில்லா 21-24. புதிய அரங்கத்தை ஒட்டியிருப்பது வில்லா 1-11-14. மூன்று குடிசைப்பகுதிகள் ஒன்றோடொன்று கலந்ததால் மூன்று எண்களும் சேர்ந்த பெயர். அங்கே உழைத்து, மறியல் செய்து, வெளியேற்றத்தை எதிர்த்து நின்ற ரோதொல்ஃபோ ரிச்சார்தெல்லி என்ற பாதிரியாரின் பெயரை அந்தக் குடியிருப்புக்குச் சூட்டியது அண்மைக் காலத்தில்தான்.

பார்ரியோ, வில்லா என்ற இந்த இரண்டு சொற்களைக் கேட்டதும் நமக்கு ஊர், சேரி என்ற இரண்டு சொற்கள் நினைவுக்கு வருகின்றன. தீண்டப்படாதவர்கள் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள் என்ற கேள்வியைத் தனியாக எடுத்து ஆராய்ந்து பாபாசாகேப் அம்பேத்கர் 1948இல் ஒரு நூலே வெளியிட்டார். அர்ஜென்டினாவில் சாதி இல்லை. தீட்டு என்ற கோட்பாடும் இல்லை. வில்லாவில் பிறந்தவர் வெளியேறி வேறு வட்டாரத்தில் குடியேறினால் தலைமுறைக்கும் அவரைத் துரத்தும் பட்டியல் எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ஒப்பிட்டால் சமூகவியலும் கெடும், அரசியலும் கெடும். ஆனால் குடியிருப்பின் எல்லையை மனிதரின் மதிப்பாக மாற்றும் வேலை இரண்டு இடத்திலும் நடக்கிறது.

வில்லாக்களில் வாழ்பவர்கள் யார்? நாட்டின் வட மாகாணங்களிலிருந்து 1930களுக்குப் பிறகு தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். பின்னர் பொலிவியா, பராகுவே, பெரு நாடுகளிலிருந்து கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் தையல் வேலைக்கும் வந்தவர்கள். பெரும்பாலோர் பூர்வகுடி ரத்தம் கலந்த, மாநிறத் தோலும் கருமுடியும் கொண்ட மக்கள். தன்னை ஐரோப்பாவின் ஒரு துண்டாகவே எண்ணிக்கொள்ளும் அந்த நகரத்தின் நடுத்தர வர்க்கம் இவர்களைப் பார்த்துச் சொன்ன வசைச்சொல் 'கபெசித்தா நேக்ரா', கறுப்புத் தலையர். கால்பந்து அரங்கத்தில் எதிரணியை இழிவுபடுத்த இன்றும் பயன்படும் சொற்கள் 'வில்லாக்காரன்', 'பொலிவியாக்காரன்', 'பராகுவேக்காரன்'. ஒரு குடியிருப்பின் பெயரும் ஒரு நாட்டின் பெயரும் வசைச்சொல்லாகின்றன. இத்தகைய கோஷங்களுக்காக நடுவர்கள் ஆட்டத்தையே நிறுத்தியதுண்டு.

அதே ஆண்டுகள், அதே கை

சான் லொரென்சோவின் மைதானத்தை நெருக்கிய அதே நகர நிர்வாகம் அதே ஆண்டுகளில் வில்லாக்களை என்ன செய்தது?

1977இல் வில்லாக்களை முற்றிலும் அகற்றுவதற்கான நகராட்சி ஆணை வந்தது. முதலில் கைவைத்த இடங்களில் ஒன்று பெல்கிரானோ தாழ்நிலத்திலிருந்த வில்லா. காரணம், 1978 உலகக் கோப்பையின் இறுதியாட்டம் நடக்கவிருந்த ரிவர் பிளேட் அரங்கம் அதற்குப் பக்கத்தில் இருந்தது. வெளிநாட்டுப் பத்திரிகையாளர் கண்ணில் குடிசை படக்கூடாது. ஓர் அரங்கத்தின் பார்வைக்காக ஒரு குடியிருப்பு துடைத்தெடுக்கப்பட்டது. வில்லா மக்களைக் குப்பை லாரிகளில் ஏற்றி நகர எல்லைக்கு வெளியே இறக்கிவிட்டார்கள் என்று பலர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். 1976இல் தலைநகரின் வில்லாக்களில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். ராணுவ ஆட்சி முடிந்தபோது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. வில்லா 1-11-14 ஏறக்குறைய தரைமட்டமானது.

இந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்த நகராட்சி வீட்டுவசதி ஆணையத்தின் தலைவர் தெல் சியோப்போ, புவனஸ் அயர்ஸில் வாழ்வது எல்லாருக்கும் உரியதல்ல, அதற்குத் தகுதியுள்ளவர்களுக்கே உரியது என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். தகுதி என்ற சொல்லைக் கவனியுங்கள், மாணவர்களே. நாம் அதைக் கல்லூரி வாசலில் கேட்கிறோம். அவர்கள் நகரத்தின் வாசலில் கேட்டார்கள்.

எதிர்ப்பே இல்லாமல் இது நடக்கவில்லை. வில்லாவிலேயே குடியிருந்த பாதிரியார்கள் சிலர் வெளியேற்றத்தின் கொடுமையை அறிக்கைகளாக எழுதி வெளியிட்டார்கள். மிஞ்சிய குடும்பங்கள் சில நீதிமன்றம் போய்த் தடையாணை வாங்கின. 1983இல் மக்களாட்சி திரும்பியதும் துரத்தப்பட்டவர்களும் புதிதாய் வந்தவர்களும் அதே நிலங்களில் மறுபடி செங்கல் அடுக்கினார்கள். வில்லா 1-11-14 மீண்டும் எழுந்து, நகரின் மிகப் பெரிய வில்லாக்களில் ஒன்றாயிற்று. யாரும் அவர்களுக்கு விழா எடுக்கவில்லை. அதற்கு 'ஆக்கிரமிப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

ஆக, 1993இல் புதிய அரங்கம் திறந்தபோது, ஒரே ஆட்சியால் இடம் பறிக்கப்பட்ட இரண்டு கூட்டத்தார் பக்கத்துப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். வரலாறு அவர்களை அண்டை வீட்டாராக்கிவிட்டது.

ரசிகர்களின் வாதம்

இனி அந்த வாதத்துக்கு வருவோம். இதில் எந்தத் தரப்பும் முட்டாள்தனமாகப் பேசவில்லை.

திரும்ப வேண்டும் என்பவர்கள் சொல்வது: எங்கள் பாட்டனும் பூட்டனும் பலகை சுமந்து எழுப்பிய இடம் அது. துப்பாக்கி முனையில் நடந்த ஆட்சியில் கையெழுத்தான விற்பனையை நாங்கள் ஏற்க மாட்டோம். போயேதோவை விட்டு வந்த பிறகு சங்கம் வாரத்துக்கு ஒருநாள் ஆட்டம் பார்க்கும் இடமாகச் சுருங்கிவிட்டது. நூலகமும் நடனமும் பிள்ளைகளின் மாலை நேரமும் போய்விட்டன.

வேண்டாம் என்பவர்கள் சொல்வது: கடனால் மைதானத்தை இழந்த சங்கம் இன்னொரு பெருங்கடனில் விழ வேண்டுமா? 40,000 பேருக்கு மேல் உட்காரும் சொந்த அரங்கம் இருக்கிறது. அதுவும் உறுப்பினர்களின் பணத்தில் எழுந்ததுதான். அதில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அதுதான் வீடு. 2014இல் தென் அமெரிக்காவின் உயரிய கோப்பையான லிபெர்த்தாதோரெஸ் கோப்பையை வென்றது இந்தப் புதிய அரங்கத்தில்தானே?

இவர்களோடு மூன்றாவதாக ஒரு குரலும் உண்டு. போயேதோவில் இன்று வாழ்பவர்களில் ஒரு பகுதியினர், ஆட்ட நாளின் இரைச்சலும் நெரிசலும் தங்களுக்கு வேண்டாம் என்கிறார்கள்.

நாலாவது குரல் வில்லாவினுடையது. அரங்கம் போனால் ஆட்ட நாளில் வண்டி நிறுத்தத்திலும் தின்பண்டக் கடையிலும் கிடைக்கும் சில்லறை வருமானம் போகும். காகங்களின் சட்டை போட்ட வில்லாப் பிள்ளைகள் நடந்துபோகும் தூரத்தில் இருந்த மைதானம் போகும். அந்தக் குரலை யாரும் மேடையேற்றிக் கேட்கவில்லை. வில்லா அந்த வாதத்தில் காரணமாக வந்தது, தரப்பாக வரவில்லை.

எப்படிக் காரணமாக வந்தது? 'அந்த இடம் ஆபத்தானது', 'இரவு ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போக முடியாது', 'அது நம் இடமில்லை.' திரும்ப வேண்டும் என்ற நியாயமான கோரிக்கைக்குள் இந்தச் சொற்கள் புகுந்துகொள்கின்றன. வழிப்பறி நடப்பது பொய்யல்ல. ஏழ்மை குவிக்கப்பட்ட இடத்தில் குற்றமும் குவியும். அந்தக் குற்றத்துக்கு முதலில் பலியாவது அங்கேயே வாழும் மக்கள். ஆனால் 'நாங்கள் நேசிக்கும் இடத்துக்குப் போகிறோம்' என்பது ஒரு வாக்கியம். 'இவர்கள் பக்கத்திலிருந்து போகிறோம்' என்பது வேறொரு வாக்கியம். ஒன்றைச் சொல்லிக்கொண்டே மற்றொன்றை உணர்த்த முடியும். சேரியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் என்பதால் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுகிறவர்களும் தூரத்தைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

இரண்டு சட்டங்கள்

ரசிகர்களின் போராட்டம் வியக்க வைப்பது. அதை நாம் மதிக்க வேண்டும், கற்கவும் வேண்டும். விற்பனையின் ஆவணங்களைத் தேடித் தொகுத்தார்கள். புத்தகம் எழுதினார்கள், கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள், ஊர்வலம் போனார்கள். 2012 மார்ச் 8 அன்று மாயோ சதுக்கத்தில் லட்சம் பேரளவில் கூடினார்கள் என்று சொல்லப்படுகிறது. அது ஒரு வியாழக்கிழமை. 1977 முதல் வியாழன்தோறும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார்கள் வெள்ளை முக்காடு அணிந்து சுற்றிவரும் சதுக்கம் அது.

அதே ஆண்டு நவம்பர் 15 அன்று நகரச் சட்டமன்றம் 4384 எண் கொண்ட சட்டத்தை நிறைவேற்றியது. அதன் பெயர் 'வரலாற்று மீட்பளிப்பு'ச் சட்டம். பேரங்காடி நிறுவனம் பேசித் தீர்த்து நிலத்தைக் கொடுக்க வேண்டும், இல்லையேல் நகரம் கையகப்படுத்தும், விலையைச் சங்கம் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். ரசிகர்கள் நிலத்தைச் சதுர மீட்டர் சதுர மீட்டராகப் பங்கு போட்டுப் பணம் கட்டினார்கள். ஒரு சதுர மீட்டர் வாங்கினால் வாங்கியவரின் பெயர் அந்த நிலத்தின் கணக்கில் ஏறும். 2019 ஜூலை 1 அன்று நிலம் சங்கத்தின் கைக்கு வந்தது. மக்கள் பூட்டைத் திறந்து உள்ளே போய்ப் புல்லில் விழுந்து அழுதார்கள் என்று கற்பனை செய்யாதீர்கள். அங்கே புல் இல்லை. வண்டி நிறுத்தும் தளமும் கட்டடமும்தான் இருந்தன. ஆனாலும் அழுதார்கள். புதிய அரங்கம் இன்னும் எழவில்லை. அதற்கான பணமும் அனுமதியும் தனிப் போராட்டம்.

இப்போது இன்னொரு சட்டத்தைப் பாருங்கள். 1996இல் இயற்றப்பட்ட புவனஸ் அயர்ஸ் நகர அரசியலமைப்பு வீட்டுரிமையை ஏற்கிறது; விளிம்பில் தள்ளப்பட்ட குடியிருப்புகளை அவை இருக்கும் இடத்திலேயே நகரத்தோடு இணைக்க வேண்டும் என்கிறது. அதைச் செயலாக்க 1998இல் 148 எண் கொண்ட சட்டம் வந்தது. வில்லாக்களின் நிலைமையை முன்னுரிமையோடு தீர்க்க வேண்டும். ஐந்தாண்டுக்குள் திட்டத்தை முடிக்க வேண்டும் என்றது அது. ஐந்தாண்டு 2003இல் முடிந்தது. வில்லாக்கள் அப்படியே இருந்தன. சாக்கடை, குடிநீர், மின்கம்பி, வீட்டுப் பட்டா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழக்குப் போட வேண்டியிருந்தது.

148 முதலில் வந்த சட்டம். 4384 பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்த சட்டம். பின்னால் வந்தது ஏழாண்டில் நிலத்தைக் கைக்குக் கொண்டுவந்துவிட்டது. முன்னால் வந்தது தன் கெடுவைத் தாண்டியும் காத்துக் கிடந்தது.

ஏன்? ரசிகர்களின் கையில் உறுப்பினர் அட்டை இருந்தது. விற்பனைப் பத்திரம் இருந்தது, புகைப்படம் இருந்தது, சாம்பியன் பட்டம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நினைவு இருந்தது. அந்த நினைவை நகரம் தன் நினைவாக ஏற்றுக்கொண்டது. லாரியில் ஏற்றி இறக்கப்பட்ட குடும்பத்திடம் பத்திரம் இல்லை. அவர்களின் வீட்டு எண்ணும் அரசு போட்ட எண்தான். அவர்களுக்கும் நினைவு உண்டு. ஆனால் அந்த நினைவு நகரத்தின் வரலாற்றில் ஏறவில்லை. ஒருவரின் ஏக்கம் பாரம்பரியமாகவும் இன்னொருவரின் திரும்புதல் ஆக்கிரமிப்பாகவும் பதிவாகிறது. அந்தப் பதிவேட்டை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதே கேள்வி.

இதில் இன்னொரு முரணும் இருக்கிறது. சான் லொரென்சோவின் உலகறிந்த ரசிகராக இருந்தவர் போப் பிரான்சிஸ். ஃபுளோரஸ் வட்டாரத்தில் பிறந்தவர். பேராயராக இருந்த காலத்தில் பேருந்தேறி வில்லாக்களுக்குப் போய் மக்களோடு நடந்தவர். போயேதோவில் எழவிருக்கும் அரங்கத்துக்கு அவர் பெயரைச் சூட்டப்போவதாகச் சங்கம் அறிவித்திருக்கிறது. வில்லாவின் தெருக்களில் நடந்தவரின் பெயர், வில்லாவின் பக்கத்திலிருந்து கிளம்பும் அரங்கத்துக்கு!

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

அப்படியானால் ரசிகர்கள் திரும்பக் கூடாதா? திரும்பலாம், திரும்ப வேண்டும். சர்வாதிகாரம் பறித்ததை மக்கள் மீட்பது சரியானது. ஒடுக்கப்பட்டோர் சார்பில் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு தொழிலாளர் மரபின் இழப்பை நாம் அற்பமாகப் பேசக் கூடாது. நான் கேட்பது வேறு. மீட்பளிப்பு என்ற கொள்கை ஒருமுறை சட்டமாகிவிட்டால், அது ஒரே ஒரு சங்கத்தோடு நின்றுவிடலாமா? கச்சியாத்தோரேயின் நிர்வாகம் பறித்தது அநீதி என்று 4384 ஒப்புக்கொள்கிறது. அதே நிர்வாகம், அதே ஆண்டுகளில், லாரியில் ஏற்றிய குடும்பங்களுக்கும் அந்த ஒப்புதல் பொருந்தும். ஒரு கால்பந்துச் சட்டத்தை வில்லாக்களின் சட்டமாகப் படிக்க முடியும். அப்படிப் படிப்பதுதான் செயல்பாட்டாளரின் வேலை. அந்தப் படிப்பைத் தொடங்கத் தகுதியானவர்கள் ரசிகர்களேதான். வீடில்லாதவன் என்று பதினான்கு ஆண்டுகள் கேலிக்கு ஆளானவர்கள் அவர்கள். 'எங்களுக்குக் கிடைத்தது எங்கள் பக்கத்து வீட்டாருக்கும் கிடைக்க வேண்டும்' என்று அவர்கள் ஒரு பதாகை பிடித்தால் அந்த நகரத்தில் அதன் எடையே தனி.

நில மீட்பு என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபரில் உயிர் கொடுத்த ஜான் தாமசையும் ஏழுமலையையும் நினைவில் வைத்திருக்கும் கூட்டம் இது. அந்த நிலங்களுக்குப் பத்திரமும் இருந்தது, விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அப்படியிருந்தும் மீட்பு இழுத்தடிக்கப்படுகிறது. ஆவணம் இல்லாததால் மறுக்கிறோம் என்பதும் சாக்கு, ஆவணம் இருந்தும் மறுப்பதும் நடக்கிறது என்பதை நம் அனுபவம் சொல்கிறது. அதனால்தான் ரசிகர்களின் போராட்ட முறையிலிருந்து மூன்றைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒன்று, அவர்கள் ஆவணத்தைத் தாங்களே தேடித் தொகுத்தார்கள். அரசு தரும் என்று காத்திருக்கவில்லை. இரண்டு, இழந்த நிலத்தின் கதையைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வாரமும் பாட்டாகப் பாடிக் கடத்தினார்கள். பழைய மைதானத்தைக் கண்ணால் பார்க்காத தலைமுறைதான் சதுக்கத்தை நிரப்பியது. மூன்று, உணர்ச்சியைச் சட்ட வரைவாக மாற்றினார்கள். எண் போட்ட மசோதாவாக அவையில் வைத்தார்கள்.

சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலையும் வைக்கிறேன். இனி எங்காவது ஓர் அரங்கமோ பூங்காவோ ஆற்றங்கரை அழகுபடுத்தலோ வரப்போகிறது என்று செய்தி வந்தால், அதன் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள்: அந்த இடத்தில் முன்பு யார் இருந்தார்கள்? அவர்களை அனுப்பியது எந்த ஆணை, எந்த ஆண்டு? அவர்கள் திரும்பி வந்தால் அதற்கு நகரம் என்ன பெயர் வைக்கும்? பதிலை எழுதி வையுங்கள். பெயரோடும் தேதியோடும் எழுதி வையுங்கள். போயேதோவின் காகங்கள் வென்றது அப்படி எழுதிவைத்த தாள்களால்தான்.